போனில் போகும் பணமும் தொழிலாளியின் ரகசியமும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் முன்னால் பேசிய தோழர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கூலி கைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி நான் பேசப் போகிறேன். கைக்கு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். இப்போது கூலி கைக்கு வருவதில்லை, பாங்கிக்கு வருகிறது. பாங்கியிலிருந்து போனுக்கு வருகிறது. போனிலிருந்து மளிகைக் கடைக்கும், வீட்டு வாடகைக்கும், ஊரிலுள்ள தாயாருக்கும் போகிறது. ஒரு ரூபாய் நோட்டைக்கூடத் தொடாமல் ஒரு மாதம் முழுவதையும் கழித்துவிடுகிற தொழிலாளி நம்மிடையே உண்டு.

இது நல்லதா, கெட்டதா? இரண்டு மாதத்துக்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் சுலபமாகப் பதில் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெண் தோழர் வந்தார். ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்கிறவர். பக்கத்து ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அங்குள்ளவர்களின் அரிசி நிதிக்கு 200 ரூபாய் போன் மூலம் அனுப்பியிருக்கிறார். அனுப்பும்போது, குறிப்பு எழுதும் இடத்தில் 'ஸ்டிரைக் நிதி' என்று எழுதியும் விட்டார். மனசில் இருந்ததை எழுதினார்; அதில் கபடம் ஏது?

பத்து நாள் கழித்து மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. ஆலையில் அட்வான்ஸ் கேட்டார். மேற்பார்வையாளர், "ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டினாயா? போனைக் காட்டு" என்றார். இவர் காட்டினார். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கணக்கோடு நிற்கவில்லை, விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனார். 'ஸ்டிரைக் நிதி' கண்ணில் பட்டது. ஒரு வார்த்தை பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். அட்வான்ஸ் கிடைக்கவில்லை. மறுவாரம் இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். குற்றப் பத்திரிகை இல்லை, மெமோ இல்லை, காரணமும் சொல்லவில்லை. சங்கம் கேட்டால், "நிர்வாக வசதி" என்கிறார்கள்.

அந்தத் தோழர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தோழர், நான் சங்கத்துக்குக் கொடுத்தது தப்பா, இல்லை போனில் கொடுத்தது தப்பா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கமிட்டியில் இதை வைத்தோம். ஒரு மூத்த தோழர், "போனே வேண்டாம். ரசீதுப் புத்தகம் இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, அது போதும்" என்றார். ஓர் இளந்தோழர், "போனில் வாங்காவிட்டால் பாதி வசூல்கூட ஆகாது. யாரிடமும் சில்லறையே இல்லை" என்றார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆகவே இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

வசதி என்பது பொய்யல்ல

முதலில் வசதியைப் பற்றிச் சொல்கிறேன். வந்த புது விஷயத்தையெல்லாம் முதலாளியின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது நம்முடைய முறை அல்ல.

நம் நாட்டில் தபால் இலாகா மணியார்டர் தொடங்கியது 1880-ம் வருஷத்தில். ஊரைவிட்டுப் பிழைக்கப் போன தொழிலாளியின் குடும்பம் நூறு வருஷத்துக்கு மேல் அந்த மணியார்டரை நம்பித்தான் அடுப்பு மூட்டியது. அதற்குக் கமிஷன் எவ்வளவு தெரியுமா? 20 ரூபாய்க்கு 1 ரூபாய். அதாவது நூற்றுக்கு 5. ஆயிரம் ரூபாய் அனுப்பினால் 50 ரூபாய் கட்ட வேண்டும். பணம் போய்ச் சேரப் பல நாள் ஆகும். கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஏதாவது கொடுக்காமல் அனுப்ப மனசு வராது. தபாலாபீசில் வரிசையில் நிற்க அரை நாள் கூலி போகும்.

இன்றைக்குத் திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசாத் தொழிலாளி, இரவு ஷிப்டு முடிந்து ஆலை வாசலில் டீ குடித்துக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்பிவிடுகிறான். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பணம் போய்ச் சேருகிறது. கமிஷன் கிடையாது. அரை நாள் கூலி மிச்சம். இதை வேண்டாம் என்று அவனிடம் போய் யார் சொல்ல முடியும்?

ரொக்கம் மட்டும் நமக்கு ரொம்பச் சினேகிதனாக இருந்ததா? அதுவும் இல்லை. சம்பள நாளன்று ஆலை வாசலில் வட்டிக்காரன் நின்ற காலம் உண்டு. கவர் பிரிவதற்கு முன்பே அவன் கை நீளும். அவனைத் தாண்டினால் சாராயக் கடை. வீட்டில் பெண் சேர்த்து வைத்த பணத்தை அரிசிப் பானையில் தேடி எடுக்கிற புருஷன்மார்களும் உண்டு. இந்தக் கூட்டத்திலும் அப்படிப்பட்டவர் ஒருவர் இருவர் இருக்கலாம்; நான் யாரையும் பார்க்கவில்லை!

இன்னொன்றும் இருக்கிறது. பாங்கியில் பதிவாகும் கூலி, கோர்ட்டில் நமக்குச் சாட்சி. குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டால், பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டலாம். வெறும் கையில் வாங்கிய கூலிக்கு அந்தச் சாட்சி கிடையாது. அதனால்தான் சில இடங்களில் பாங்கியில் முழுக் கூலியைப் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். பதிவு என்றால் அவர்களுக்கும் பயம் இருக்கிறது!

ஆகவே பதிவு என்பது கத்தியைப் போன்றது. பிடி யார் கையில், கூர் யார் பக்கம் என்பதுதான் கேள்வி.

நோட்டு பெயர் கேட்காது

ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவருக்கு அந்தத் தொகையைத் தருவதாக ரிசர்வ் பாங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வைத்திருப்பவர் யார், என்ன சாதி, எந்தச் சங்கம் என்று அந்த நோட்டு கேட்பதில்லை. நான் ஒரு தோழரிடம் 10 ரூபாய் சந்தா கொடுத்தால் அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரசீதுக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியாது.

போனில் அதே 10 ரூபாய் போனால் என்ன நடக்கிறது? என் போனிலுள்ள செயலிக்குத் தெரியும். அந்தச் செயலிக்குத் துணை நிற்கும் பாங்கிக்குத் தெரியும். நடுவில் எல்லா பாங்கிகளையும் இணைக்கிற நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனின் யந்திரத்துக்குத் தெரியும். என் பாங்கிக்கும், வாங்குகிறவரின் பாங்கிக்கும், அவருடைய செயலிக்கும் தெரியும். யார், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணி என்பது இத்தனை ஏடுகளில் ஏறுகிறது. நோட்டு கிழிந்து போகும். இந்த ஏடு கிழியாது.

மணியார்டர் காலத்திலும் ரகசியம் பூரணமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. யாருக்கு எவ்வளவு வருகிறது என்று தபால்காரருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கூப்பனில் மகன் எழுதியதை அவரே படித்தும் காட்டுவார். திண்ணையில் இருப்பவர்களும் கேட்பார்கள். ஆனால் அந்தத் தபால்காரர் நம்ம ஊர்க்காரர். அவர் ஒருவருக்குத் தெரிந்தது, தேசம் முழுவதிலுமுள்ள கோடிக்கணக்கான பேரின் கணக்கோடு சேர்த்து அலசப்படவில்லை. இந்தப் பெண்ணுக்கு மாசக் கடைசியில் பணமுடை வரும், அப்போது கடன் கொடுக்கலாம் என்று யாரும் அதை வைத்துக் கணக்குப் போடவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஏடு யார் கையில்?

யு.பி.ஐ. என்னும் இந்த ஏற்பாடு 2016 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. அதே வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு ஒரே இரவில் காகிதமாயிற்று. நடவு வேலைக்குக் கூலி கொடுக்க நோட்டு இல்லை, பாங்கி வாசலில் வெயிலில் கிழவிகள் நின்றார்கள். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மக்கள் விரும்பித்தான் போனுக்கு மாறினார்கள் என்று சொல்கிறவர்கள், அந்த நவம்பர் மாதத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

இப்போது வளர்ச்சியைப் பாருங்கள். 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல் இந்த வழியில் பணம் கைமாறியது. நடுவில் இருக்கிற பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் ரிசர்வ் பாங்கியும் பாங்கிகளின் சங்கமும் சேர்ந்து 2008-ல் ஏற்படுத்திய ஸ்தாபனம். அது லாபத்துக்காக நடப்பதல்ல. பாதை நம்முடையது. ஆனால் பாதையில் ஓடுகிற வண்டி யாருடையது? போன்பே என்பதில் பெரும் பங்கு அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனிக்கு. கூகுள் பே என்பது கூகுளுக்கு. பல வருஷங்களாக நூற்றுக்கு 80-க்கு மேற்பட்ட பட்டுவாடாக்கள் இந்த இரண்டின் மூலமாகத்தான் நடந்து வந்திருக்கின்றன.

எந்த ஒரு செயலியும் நூற்றுக்கு 30-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2020 நவம்பரில் விதி சொன்னார்கள். பிறகு கெடுவைத் தள்ளி வைத்தார்கள். 2024 டிசம்பரில் மறுபடியும் தள்ளி, 2026 டிசம்பர் 31 வரை என்றார்கள். கூலித் தொழிலாளி வட்டி கட்ட ஒரு நாள் தவணை கேட்டால் கிடைக்காது. ஏகபோகத்துக்கு மட்டும் வருஷக் கணக்கில் தவணை!

2020 ஜனவரி 1 முதல் இந்தப் பட்டுவாடாவுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் கட்டணம் இல்லாத வண்டியைக் கம்பெனி எதற்காக ஓட்டுகிறது என்று யோசியுங்கள். நம்மைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கும், கடனையும் இன்ஷுரன்சையும் நம்மிடம் விற்பதற்கும் அது ஒரு வாசல். பணம் அனுப்பத் திறந்த அதே செயலியில், "உங்களுக்கு 50,000 கடன் தயார்" என்று வருகிறதா இல்லையா?

கடன் செயலிகளின் அக்கிரமம் நமக்குத் தெரியும். போனிலுள்ள நம்பர்களையெல்லாம் உருவி எடுத்து, தவணை தவறினால் அண்ணனுக்கும் மாமனுக்கும் மேஸ்திரிக்கும் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். அப்புறம்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி, கடன் செயலிகள் போனிலுள்ள நம்பர் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவுக்குக் கட்டுப்படாத கள்ளச் செயலிகளுக்கும் குறைவில்லை.

பணக்காரனுக்கு ரகசியம், ஏழைக்குப் பகிரங்கமா?

"ஒளித்து வைக்க நமக்கு என்ன இருக்கிறது? திருடினோமா?" என்று ஒரு தோழர் கேட்டார். இது நல்ல மனசுடைய கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை ஏன் எப்போதும் ஏழையிடம் மட்டும் கேட்கிறார்கள்?

தேர்தல் பத்திரம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 2018-ல் விற்பனை தொடங்கியது. பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகக் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். கொடுத்தது யார் என்று வாக்காளருக்குத் தெரியாது. 16,000 கோடி ரூபாய்க்கு மேல் அப்படிக் கைமாறியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுக் கட்சியும் ஒன்று. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமுகமாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். விவரத்தைக் கொடு என்றால், ஸ்டேட் பாங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11-ந் தேதி கோர்ட்டு மறுத்தது. மறுநாளே விவரம் வந்துவிட்டது!

பாருங்கள் தோழர்களே! கோடி ரூபாய் கொடுத்தவனின் பெயரைச் சொல்ல பாங்கிக்கு நாலு மாதம் தேவைப்படுகிறது. 200 ரூபாய் கொடுத்த பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ள மேற்பார்வையாளருக்கு நாலு நொடி போதுமாயிருக்கிறது.

ஜனநாயகத்தில் முறை தலைகீழாக இருக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவனின் கணக்கு வெளியே தெரிய வேண்டும். உழைப்பவனின் கணக்கு அவனோடு இருக்க வேண்டும். 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தருகிற அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை பங்களாவில் இருப்பவனுக்கு மட்டும் அல்ல, லைன் வீட்டில் இருப்பவனுக்கும் உண்டு.

2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. நம் சம்மதம் இல்லாமல் கம்பெனிகள் விவரத்தை எடுக்கக் கூடாது என்பது போன்ற நல்ல அம்சங்களும் அதில் உண்டு. ஆனால் சர்க்கார் தனக்கு வேண்டிய இலாகாக்களுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. அதோடு, தகவல் உரிமைச் சட்டத்தின் பல்லையும் அதே சட்டம் பிடுங்கிவிட்டது. நம்மைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ளலாம், அவர்களைப் பற்றி நாம் கேட்கக் கூடாது என்பதுதானே இதன் அர்த்தம்?

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவில் வென்மோ என்று ஒரு செயலி. அதில் யார் யாருக்குப் பணம் அனுப்பினார், எதற்காக என்பதை, அனுப்புகிறவர் தானாக மாற்றி வைத்தாலொழிய, உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2018-ல் ஓர் ஆராய்ச்சியாளர் இப்படிப் பகிரங்கமாகக் கிடந்த 20 கோடிக்கு மேற்பட்ட பட்டுவாடாக்களை எடுத்துப் பார்த்து, முகம் தெரியாத மனிதர்களின் வாழ்க்கையையே அதிலிருந்து வாசித்துக் காட்டினார். 2021-ல் பத்திரிகை நிருபர்கள், அப்போது ஜனாதிபதியாயிருந்த பைடனின் கணக்கையே பத்து நிமிஷத்துக்குள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் பார்க்கும் அந்தப் பொதுப் பட்டியலைக் கம்பெனி எடுத்தது. ஜனாதிபதிக்குத் தலைவலி வந்த பிறகு மருந்து. அதற்கு முன் சாதாரண மக்களுக்கு வந்த தலைவலியை யார் கவனித்தார்கள்?

இன்னோர் அனுபவம். 2010 டிசம்பரில், அமெரிக்க சர்க்காரின் ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் ஸ்தாபனத்துக்கு நன்கொடை போகாதபடி விசா, மாஸ்டர்கார்டு, பேபால் கம்பெனிகள் வாசலை மூடின. பணம் கொடுக்க மக்கள் தயார், ஆனால் அனுப்ப வழி இல்லை! பணம் போகிற வழி முழுவதும் சில கம்பெனிகளின் கையில் இருந்தால், எந்த இயக்கத்துக்குச் சோறு, எதற்குப் பட்டினி என்று அவர்களே தீர்மானிப்பார்கள். வேலைநிறுத்த நிதியை நினைத்துக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

சரி, இப்போது என்ன செய்வது? போனைக் கிணற்றில் போடச் சொல்லவில்லை. வசதியை வைத்துக்கொள்வோம், ரகசியத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டிலேயே செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது: பாங்கிக் கணக்கில் பதிந்துள்ள போன் நம்பர் உங்களுடையதா என்று பாருங்கள். விவசாயத் தொழிலாளிப் பெண்கள் பலருக்குக் கணக்குத் தொடங்கிய நாளில் மேஸ்திரியின் நம்பரையோ, பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரையோ கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் பணம் வருகிற செய்தியும் போகிற செய்தியும் அவருக்குத்தான் போகும். இதை முதலில் மாற்றுங்கள். கூட்டம் முடிந்ததும் எழுதிக் கொடுக்கத் தோழர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது: கூலி வருகிற கணக்கு ஒன்று, போனில் செலவு செய்கிற கணக்கு வேறு என்று முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இரண்டாவது கணக்கில் போடுங்கள். ஏமாந்தாலும் அந்த அளவோடு போகும். யாராவது பார்த்தாலும் அந்த அளவுதான் தெரியும்.

மூன்றாவது: பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விடுங்கள். அல்லது தேதியை மட்டும் எழுதுங்கள். காரணம் உங்கள் மனசில் இருக்கட்டும்.

நாலாவது: பலருடைய யு.பி.ஐ. முகவரியிலேயே போன் நம்பர் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுக்கிற முகம் தெரியாத ஆளுக்கு அந்த நம்பரும் போய்விடுகிறது. பெண்கள் இதனால் படுகிற தொந்தரவு அவர்களுக்குத் தெரியும். நம்பர் இல்லாத வேறு முகவரியைச் செயலியிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். இளந்தோழர்கள் வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது: டீக்கடை, காய்கறிக் கடைச் சில்லறைக்கு யு.பி.ஐ. லைட் என்று ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பணத்தை அதில் எடுத்து வைத்துச் செலவு செய்தால், பாங்கிப் புத்தகத்தில் எடுத்து வைத்த தொகை மட்டும்தான் ஏறும், ஒவ்வொரு டீயும் ஏறாது. ஆனால் செயலிக்குத் தெரியும், அது மறையாது. அதற்குப் பின் நம்பர் கேட்பதில்லை என்பதால், போனுக்குப் பூட்டுப் போடாதவர்கள் இதில் பணம் வைக்க வேண்டாம்.

ஆறாவது: பின் நம்பர் பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அல்ல. "பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடு" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் பணம் பல கை மாறிவிடும்.

ஏழாவது: கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற இடத்தில், "ரேகை விழவில்லை, மறுபடி வை" என்றால் சும்மா வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தடவைக்கும் துண்டுச் சீட்டு கேளுங்கள். 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலிக்கு ஆதார் வழிப் பட்டுவாடாவைக் கட்டாயமாக்கினார்கள். வயலில் தேய்ந்த விரலுக்கு ரேகை இல்லையென்றால் அது விரலின் குற்றமா?

எட்டாவது: உங்கள் போனை யார் கேட்டாலும் திறந்து கையில் கொடுக்காதீர்கள். மேற்பார்வையாளரானாலும் சரி, கடன் வசூலுக்கு வருகிறவரானாலும் சரி. ரசீது வேண்டுமென்றால் அந்த ஒரு ரசீதை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். சம்பளக் கவரைப் பிரித்துக் காட்டு என்று ஒருவன் சொன்னால் கோபம் வருமல்லவா? போனுக்கும் அந்தக் கோபம் வர வேண்டும். புருஷனுக்கும் இதையேதான் சொல்கிறேன்: பெண்சாதி தன் தாயாருக்கு 500 ரூபாய் அனுப்பினால் கணக்குக் கேட்க உட்காராதீர்கள். அதுவும் அவள் உழைத்த காசு.

சங்கம் செய்ய வேண்டியது

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால் யோக்கியமாகாது. அந்தப் பெண் தோழருக்கு நேர்ந்ததில் நமக்கும் பங்கு உண்டு. போனில் அனுப்புங்கள் என்று சொன்னோம். என்ன எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதுமட்டுமா? நிதி கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வாழ்த்துச் சொன்னோம். அந்தக் குழுவில் கங்காணியின் மச்சானும் இருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே கமிட்டி இப்படி முடிவு செய்திருக்கிறது. சந்தாவையும் நிதியையும் இரண்டு வழியிலும் வாங்குவோம். கையில் கொடுக்கிறவருக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது. போனில் கொடுக்கிறவருக்கும் ரசீது. எதில் கொடுப்பது என்பது கொடுக்கிறவரின் இஷ்டம். ஏன் என்று கேட்கக் கூடாது. போனில் வாங்குவது சங்கத்தின் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கில் மட்டும், தனித் தோழரின் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. மொத்தம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பது கரும்பலகையில் எழுதப்படும். எவரும் வந்து கேட்கலாம். யார் கொடுத்தார் என்ற பட்டியல் பெட்டியில் பூட்டப்படும். கணக்கு பகிரங்கம், கொடுத்தவர் பெயர் அந்தரங்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சர்க்காரிடம் கேட்பது

தனி ஆள் ஜாக்கிரதையால் மட்டும் இது தீராது. குழாயில் அழுக்குத் தண்ணீர் வந்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிக்கலாம்; ஆனால் குழாயைச் சுத்தம் செய் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

1936-ம் வருஷச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூலியை நாணயத்திலும் நோட்டிலும் கொடுக்க வேண்டும் என்றது. தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால் பாங்கியில் போடலாம் என்று பிற்பாடு சேர்த்தார்கள். 2017-ல் அந்தச் சம்மதமே வேண்டியதில்லை என்று திருத்தினார்கள். நாம் கேட்பது அந்தச் சம்மதத்தைத் திருப்பிக் கொடு என்பதுதான். ரொக்கமாக வாங்கவும் கொடுக்கவும் உள்ள உரிமையைப் பிடுங்காதே. பணப் பட்டுவாடா விவரத்தைக் கடன் விற்கவும் விளம்பரத்துக்கும் உபயோகிப்பதைத் தடை செய். நீதிபதியின் உத்தரவு இல்லாமல் எந்த இலாகாவும் எங்கள் கணக்கைப் பார்க்கக் கூடாது. சிறு தொகைக்கு எந்தக் காலத்திலும் கட்டணம் போடாதே. ஏகபோகத்துக்குக் கொடுத்த தவணை போதும்.

தோழர்களே! அந்தப் பெண் தோழர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு நான் கடன்பட்ட பதிலை இப்போது சொல்லி முடிக்கிறேன்.

அம்மா, நீ கொடுத்தது தப்பு அல்ல. போனில் கொடுத்ததும் தப்பு அல்ல. உன் போனைப் புரட்டிப் பார்த்ததுதான் தப்பு. பார்க்க விடாமல் இருக்க உனக்குச் சொல்லித் தராதது எங்கள் தப்பு. அந்தத் தப்பைத் திருத்தத் தொடங்கிவிட்டோம். ஷிப்டு மாற்றத்தை எதிர்த்துச் சங்கம் மனுக் கொடுத்திருக்கிறது, நீ பகல் ஷிப்டுக்குத் திரும்புகிறவரை அதை விடமாட்டோம்.

வாசலில் இரண்டு மேஜைகள் போட்டிருக்கிறது. ஒன்றில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது, மற்றதில் போன் நம்பர் மாற்றுவதற்கு மனு எழுதித் தருகிற தோழர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் முன் இரண்டாவது மேஜைக்கு எல்லோரும் வாருங்கள். முதல் மேஜைக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். யாரும் பெயர் எழுதிப் பலகையில் போட மாட்டோம்.